உலைக்கும் காற்றுக்கும் நடுவே

இன்னும் இரண்டு டம்ளர் குடிக்க வேண்டுமாம். ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்தாகிவிட்டது, அடிவயிறு மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறது, ஆனாலும் வரவேற்பு மேஜைப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பத்தாதுக்கா, இன்னும் ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு உக்காருங்க, அப்பத்தான் தெளிவாத் தெரியும்" என்கிறாள். குடிக்கிறேன். தண்ணீரில் பிளாஸ்டிக் கேன் வாசனை. தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் வள்ளியூர் வரைக்கும் வந்திருக்கிறோம், ஐந்தாம் மாத ஸ்கேன், கை, கால், தலை, இதயம் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களாம், ஆனால் எனக்குள் ஒருத்தி தெரியாமலே போகட்டுமே என்கிறாள், தெரியாத வரைக்கும் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, போன தடவையும் தெரிகிற வரைக்கும் நன்றாகத்தானே, வேண்டாம், அதை நினைக்காதே டெல்பின், சுவரைப் பார். சுவரில் ஒரு கொழுகொழு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கிறது. அதன் விரல்களை எண்ணுகிறேன். வலது கையில் ஐந்து. இடது கையை மடக்கி வைத்திருக்கிறது, எண்ண முடியவில்லை. யார் இந்தப் படத்தை இங்கே மாட்டியது, கையை விரித்து வைத்திருக்கிற குழந்தை கிடைக்கவில்லையா? என் இடது பக்கம் அப்பா. வலது பக்கம் என் கணவர் கோமதிநாயகம். நடுவில் நானாக வந்து உட்காரவில்லை. அப்பா ஓரத்து நாற்காலியில் இருந்தார், இவர் ஒரு நாற்காலி விட்டு அடுத்ததில் போய் உட்கார்ந்தார், எனக்கு மிச்சம் இருந்தது இதுதான். அம்மாதான் வருவதாக இருந்தது. காலையில் வந்து காரை நிறுத்தினால் ஆசுபத்திரிப் படிக்கட்டில் அப்பா நிற்கிறார், வெள்ளைச் சட்டை, கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி. "அம்மைக்கு முட்டு வலி மக்கா, அதான் நான் வந்தேன்" என்றார். என்னிடம் மட்டும். பிறகு இவர் பக்கம் திரும்பாமலே, "வண்டி வெயில்ல நிக்கி, நெழல்ல போடச் சொல்லு" என்றார். நான் எங்கே சொன்னேன், இவர் காதிலேயே விழுந்து நிழலில் போட்டுவிட்டு வந்தார். இரண்டு வருஷமாக இப்படித்தான். ஒருவர் சொல்ல வேண்டியது என் வழியாகப் போய் மற்றவரிடம் சேர வேண்டும். நான் படித்தது மின்சாரம், கம்பி சூடாகாமல் எதையும் கடத்தாது என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

ஒண்ணுக்கு முட்டுகிறது. காலை மாற்றிப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை, மறுபடி முட்டுகிறது, வேறு எதையாவது நினைக்க வேண்டும், எதை நினைத்தாலும் தண்ணீரில் போய் நிற்கிறது, கடல், எங்கள் ஊர் அடைக்கலத்துறை, அணு உலை வேண்டாம் என்று நெஞ்சளவு தண்ணீரில் கையைக் கோத்துக்கொண்டு நின்ற ஆம்பளைகள், அந்த வரிசையில் அப்பா. அப்போது நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தேன். மெஸ் டிவியில் ஒரு விநாடி அப்பாவின் முகம் வந்து போனது, "உங்க அப்பாவா, தீவிரவாதி மாதிரி இருக்காரு" என்று ஒருத்தி சிரித்தாள், நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். அப்பா தீவிரவாதி இல்லை, சிலுவைதாசன், வள்ளம் வைத்திருந்தவர், சுனாமி அன்று கடல் எழுந்து தெருவுக்குள் வந்ததை இரண்டு கண்ணால் பார்த்தவர், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த தம்பியை அதற்குக் கொடுத்தவர். அதே கரையில், கூப்பிடு தூரத்தில், அணு உலை கட்டினால் அவர் கேட்கத்தானே செய்வார், கடல் மறுபடி ஏறினா என்னவே ஆகும் என்று. கேட்டார். பதிலாகப் புகைக்குண்டு வந்தது, வழக்கு வந்தது, வருஷக்கணக்கில் கோர்ட்டு வாசல் வந்தது. தெருமுனையில் நின்று அவர் கத்துவார்: "காத்து இருக்கு, வெயில் இருக்கு, அத விட்டுட்டு எதுக்கு இந்தக் கொள்ளி?" அவர் கத்தினார், நான் போய்ப் படித்தேன். காற்றாலையில் சேர்ந்தேன். முப்பந்தல் கணவாய்ப் பக்கம் எங்கள் கம்பெனிக் காத்தாடிகள் நிற்கின்றன, கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவை சுற்றுவதையும் நிற்பதையும் பார்ப்பது என் வேலை. அப்பாவுக்கு அதில் இருந்த பெருமை. கரையில் தெப்பம் இழுக்கிறவர்களிடம்கூட, "எம் மவ காத்துல கரண்டு எடுக்கா" என்பார். அந்த மகள் போய்க் கட்டிக்கொண்டது யாரை? உலையின் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்க்கிறவரை. சங்கரன்கோவில்காரர், பட்டை பட்டையாய்த் திருநீறு பூசுகிற குடும்பம். அப்பா மதத்தை ஒரு மாதத்தில் விழுங்கிவிட்டார். வேலையை விழுங்க முடியவில்லை, தொண்டையிலேயே நின்றது, முள் மாதிரி.

நாங்கள் சந்தித்ததே சண்டையில்தான். திருநெல்வேலியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கம், நான் காற்றாலை பற்றிப் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார், சட்டையை அவ்வளவு அக்கறையாக இஸ்திரி போட்டிருந்தார், "மேடம், கார்த்திகை மாசத்துல காத்து நின்னுபோனா என்ன செய்வீங்க?" என்றார். எனக்கு எரிச்சல். "சார், எரிச்சு முடிச்ச கழிவை எங்க கொண்டு வைப்பீங்க?" என்றேன். அரங்கம் கை தட்டியது, எதற்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது, இருவரிடமும் பதில் இல்லை. டீ இடைவேளையில் அவரே வந்தார். "நல்ல கேள்வி. எனக்கே தூக்கம் வராம பண்ற கேள்வி" என்றார். அணு உலையில் வேலை பார்க்கிற ஒருவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், சிரித்துக்கொண்டே தலையில் தட்டி அனுப்புகிறவர்கள் என்றுதான் எங்கள் ஊரில் நினைப்பு. இந்த ஆளுக்குத் தூக்கம் வரவில்லையாம். அன்றைக்கே பிடித்துப்போயிற்று, ஆறிப்போன டீ, பிஸ்கட் பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது, அவர் அதை ஸ்பூனால் துழாவி எடுத்தார், எல்லாம் நினைவிருக்கிறது. கல்யாணமாகி உலை ஊழியர்களுக்குக் கட்டிய டவுன்ஷிப்பில் குடியேறினோம், நன்றாகத்தான் இருந்தோம். பிறகு அந்த ஆசுபத்திரி வராந்தா. மூன்றாம் மாதம். டாக்டர் வெளியே வந்து, போய்விட்டது என்று சொன்னார், இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்பா யாரையும் பார்க்காமல், "அந்தக் காத்துல்லா கொன்னுருச்சு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளே கட்டிலில் கேட்டது என்றால் பக்கத்தில் நின்ற இவருக்குக் கேட்காமலா? அந்தக் காத்து. உலைப் பக்கத்துக் காத்து. எனக்குச் சோறு போடுகிற வார்த்தை அது, காலையிலிருந்து மாலை வரை காத்து எவ்வளவு, எந்தப் பக்கம் என்றுதான் என் பிழைப்பு, அந்த வார்த்தைக்குள் இப்போது ஒரு செத்த குழந்தை. அன்றைக்கு அடைத்த வாய் இருவருக்கும் இன்னும் திறக்கவில்லை. இவர் என்னிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால், நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா என்று திருப்பிக் கேட்பாரோ? கேட்டால் நான் என்ன சொல்வேன்? நினைக்கவில்லை. நினைக்கிறேன். பகலில் நினைக்கவில்லை, நான் படித்தவள், எனக்குத் தெரியும், டவுன்ஷிப்பில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன. படுக்கையில் வயிற்றில் கை வைத்துப் படுக்கும்போது மட்டும் அந்த வார்த்தை ஜன்னல் வழியாக வருகிறது.

மின்விசிறி நின்றுவிட்டது. ட்யூப்லைட்டும். எல்லோரும் ஒரே குரலில் "அய்ய" என்கிறார்கள். வரவேற்புப் பெண், "ஸ்கேன் மெஷினுக்கு ஜெனரேட்டர் போடணும், கொஞ்சம் இருங்க" என்று உள்ளே ஓடுகிறாள். நான் இன்னும் எவ்வளவு நேரம் அடக்குவது, மாதாவே. எதிர் வரிசையில் மருமகளைக் கூட்டி வந்திருக்கிற ஒரு அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு பொதுவாகச் சொல்கிறாள்: "அந்தாக்ல அணு உலை, இந்தாக்ல காத்தாடி, நடுவுல இருக்க நமக்குக் கரண்டு கெடையாது, நல்ல கூத்து!" ஹால் முழுக்கச் சிரிக்கிறது. நானும் சிரித்துவிட்டேன், சிரித்தால் தாங்காது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அப்பா சிரிக்கவில்லை. மேலே நின்றுபோன விசிறியைப் பார்த்து, "உலை வந்தா கரண்டே போவாதுன்னாவ" என்கிறார். விசிறியிடம்தான் சொல்கிறார். வழக்கமாக இந்த இடத்தில் இவர் செல்போனை எடுத்துப் பார்ப்பார். இன்றைக்கு எடுத்தார், பார்த்தார், திரும்பச் சட்டைப் பையில் போட்டார். "வெளிய மரத்தைப் பாருங்க மாமா, எப்படி ஆடுது. எங்கயோ கொப்பு ஒடிஞ்சி கம்பியில விழுந்திருக்கும். கொப்பு ஒடிஞ்சதுக்கு உலை என்ன செய்யும்?" என்கிறார். அப்பா மெல்லத் திரும்புகிறார், என் மூக்குக்கு நேராக முகம் வருகிறது, என்னைத் தாண்டிப் பார்க்கிறார். "கொப்பு ஆடுத காத்துக்குக் காத்தாடி சுத்தும்லா, பெறவு எதுக்குவேய் உலை?" வேய்! நேராக. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, மரியாதையா திட்டா என்று தெரியாத ஒரு வேய். இவர் முகம் சிவந்துவிட்டது. "இன்னைக்கு ஆடி மாசம், சுத்துது. கார்த்திகையில நாலு நாள் காத்தே இல்லாமக் கெடக்கும். ராத்திரி வெயிலும் கெடையாது. இந்த ஆசுபத்திரியில ஒரு பிள்ளைய கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்கன்னு வைங்க, அதுக்கிட்ட போயி, காத்து வர வரைக்கும் பொறுன்னு சொல்லுவீங்களா?" அப்பா விடவில்லை. "அது சரி. கடலு ஏறி வந்தா? ஜப்பான்ல ஏறுச்சே, பெரிய கெட்டிக்காரன் நாடு, அவனால புடிக்க முடிஞ்சுதா? காத்தாடி சாஞ்சா ஒரு காத்தாடி போச்சு, எவனோ ஒரு ஆட்டுக்காரன் ஓடிப் பொழைச்சிக்கிடுவான். ஒங்களுது சாஞ்சா நாங்க எங்க ஓட? பின்னால கடல்லா கெடக்கு!"

இருவர் பேச்சும் என் மார்புக்கு மேலே போய்வருகிறது, நான் பின்னால் சாய்ந்து வழி விடுகிறேன். இரண்டு பேர் சொல்வதும் எனக்குத் தெரியும். இவர் சொல்லும்போது இவர் சரி, அப்பா சொல்லும்போது அப்பா சரி. எனக்கென்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. இதே ஆடி மாதத்தில் காற்று மலை இடுக்கு வழியாக வெறி பிடித்து வருகிறது, காத்தாடி எல்லாம் முழு மூச்சாகச் சுற்றுகிறது, அப்போது சென்னை மின்வாரியத்திலிருந்து போன் வரும், "இவ்வளவு தாங்காது, குறைங்க." நான் பொத்தானை அழுத்துகிறேன், இறக்கைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. வெளியே வந்து பார்த்தால் முகத்தில் மண்ணை வாரி அடிக்கிற காற்று, நிற்கிற காத்தாடிகள். பசியோடு இருக்கிற ஊரில் சோற்றைக் குப்பையில் கொட்டுகிற மாதிரி இருக்கும். சேர்த்து வைக்க ஒரு பானை இல்லை, அவ்வளவுதான் விஷயம். பானை வரும், பேட்டரி விலை இறங்கிக்கொண்டே வருகிறது, மலைமேல் தண்ணீரை ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கிவிடுகிற அணைகள் வரும், நான் பார்ப்பேன், இந்த வயிற்றில் இருக்கிறதாவது பார்க்கும். இருக்கிறதா? இப்போது இருக்கிறதா? காலையிலிருந்து ஒரு அசைவும் காணோம். தண்ணீர் நிறைந்ததால் தெரியவில்லை. அப்படித்தான் இருக்கும். "டெல்பின் கோமதிநாயகம்!" ஜெனரேட்டர் உறுமுகிறது, டீசல் புகை ஜன்னல் வழியாக வருகிறது, அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தா, உலையும் இல்ல காத்தும் இல்ல, கடைசியில டீசலு" என்கிறார். முதல் தடவையாக இவர் அப்பா சொன்னதற்குச் சிரித்தார். நான் எழுந்து நடக்கிறேன். நடப்பதா அது, தளும்பத் தளும்ப இருக்கிற குடம் மாதிரி.

உள்ளே ஏசி குளிர். நர்ஸ் படுக்கச் சொல்லி, சேலையைத் தளர்த்தி, "டாக்டர் பக்கத்து ரூம்ல இருக்காங்க, வந்துருவாங்க" என்று போய்விட்டாள். தலைக்குப் பக்கத்தில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம்தான் நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் போலிருக்கிறது, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே குரல்கள் அப்படியே வருகின்றன. நான் இல்லாமல் இருவரும் பேசுவதை முதன்முதலாகக் கேட்கிறேன். அப்பாதான் ஆரம்பித்தார். "அண்ணைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஆசுபத்திரியில." ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது. "நீரு கேட்டீரு. எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு என் வாயில இருந்து வந்திருக்கக் கூடாது. ஆனா, கேளும், எனக்கு நெசமாத் தெரியாது. காத்தா, தண்ணியா, சாமி சோதிச்சதா, ஒண்ணும் தெரியாது. கேட்டா ஒருத்தன் சொல்ல மாட்டேங்கான். கேட்டவனுக்குக் கேசு போடுதான். தெரியாதவன் பின்ன எதச் சொல்லுவான், வாய்க்கு வந்தத சொல்லுவான்." நாற்காலி கிறீச்சிட்டது, இவர் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும். "மாமா, உள்ள போம்போது நெஞ்சில ஒரு பேட்ஜ் குத்திக்கிடணும். எங்க உடம்புல எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அதுல தெரியும். வேலையில சேந்த நாள்ல இருந்து எனக்கு எவ்வளவுன்னு அந்த வாரமே போயி ஒவ்வொண்ணாப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல, அனுமதிச்சதுல கால்வாசிகூட இல்ல. பாத்த பெறவும் நம்பிக்கை வரல. திரும்பவும் போயிப் பாத்தேன். எம் பிள்ளைய நாந்தான் கொன்னேனோன்னு இருந்துச்சு மாமா. அவகிட்டச் சொல்லல. சொன்னா, நானே பயப்படுதேன்னு ஆயிரும்லா?"

ஒரே கட்டிலில் இரண்டு வருஷம். முதுகுக்கு முதுகு. இந்தப் பக்கம் நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு. ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாகப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறோம், தெரியாமல். அவர் தூங்குகிறார் என்று நான் அசையாமல் கிடப்பேன், நான் தூங்குகிறேன் என்று அவர் அசையாமல் கிடந்திருப்பார். பைத்தியக்காரா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... நான் சொன்னேனா? கண்ணீர் காதுக்குள் போகிறது, சூடாக. தடுப்புக்கு அப்பால் அப்பா தொண்டையைச் செருமுகிறார், அழுகை வரும்போது அப்படித்தான் செருமுவார். "பயப்படுதவன்தான்வேய் சரியாப் பாத்து வேலை செய்வான்" என்கிறார். "பயமில்லாதவன் வள்ளத்துல ஏறுனா நான் கூட்டிட்டுப் போவ மாட்டேன்." பிறகு உடனே, விட்டுக்கொடுத்துவிட்டோமோ என்று பயந்த மாதிரி, "அதுக்காவ உலை நல்லதுன்னு நான் சொல்லல." "நானும் அப்படிச் சொல்லச் சொல்லலியே மாமா. கழிவுக்கு வழி என்னன்னு உள்ள இருக்க நாங்களும்தான் கேட்டுக்கிட்டிருக்கோம்." "கேக்கீங்களா? உள்ளேயே கேக்கீங்களா?" அப்பாவின் குரலில் அப்படி ஓர் ஆச்சரியத்தை நான் கேட்டதே இல்லை. கதவு திறந்தது. டாக்டரம்மா.

ஜெல் சில்லென்று விழுகிறது. கருவி வயிற்றை அழுத்துகிறது, மூத்திரப்பைக்கு நேர்மேலே, நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். "ஏம்மா அழறீங்க? வலிக்குதா?" "இல்ல டாக்டர், தண்ணி ரொம்பக் குடிச்சிட்டேன்." "கண்ணிலேயே வழியுதே" என்று அவர் சிரிக்கிறார். திரையில் சாம்பல் நிறப் புகை, மழை நாள் கடல் மாதிரி, எது எது என்று ஒன்றும் புரியவில்லை, டாக்டரின் முகத்தைப் பார்க்கிறேன். நெற்றியைச் சுருக்குகிறாரா? அது வழக்கமான சுருக்கமா, இல்லை... கருவியைத் திருப்புகிறார், மறுபடி அதே இடத்துக்கு வருகிறார், ஏன் மறுபடி அதே இடம், சொல்லித் தொலையுங்களேன், வேண்டாம், சொல்லாதீர்கள். "கையை மூடியே வச்சிருக்கு, திறக்க மாட்டேங்குது" என்கிறார். இருமச் சொல்கிறார், இருமுகிறேன். "ம், திறந்துட்டுது. பாருங்க." புகைக்குள்ளிருந்து வரிசையாக வெள்ளைக் கோடுகள், ஒன்று, இரண்டு, கண்ணீரில் கலங்குகிறது, மறுபடி ஒன்றிலிருந்து. ஐந்து. முதுகெலும்பைக் காட்டுகிறார், சாளை மீனைச் சாப்பிட்டுவிட்டு எடுத்து வைத்த முள் மாதிரி அவ்வளவு ஒழுங்கு. இதயம், நான்கு அறை, நான்கும் இருக்கிறது. சத்தத்தைத் திருப்புகிறார். காத்தாடிக்கு அடியில் நின்றால் இறக்கை காற்றை வெட்டுகிற சத்தம் கேட்கும், ஊஷ், ஊஷ் என்று நிதானமாக. அதே சத்தம், ஆனால் என்ன அவசரம், எந்தப் புயலிலும் எங்கள் காத்தாடி இந்த வேகத்தில் சுற்றினதில்லை. "எல்லாம் நல்லா இருக்கும்மா. வளர்ச்சி சரியா இருக்கு." நான் கேட்டுவிட்டேன், கேட்க வேண்டும் என்று நினைக்கும் முன்பே வாய் கேட்டுவிட்டது: "டாக்டர், நாங்க டவுன்ஷிப்ல இருக்கோம். முன்னால ஒண்ணு போச்சு. அதனாலதான் போச்சா?" அவர் கருவியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "முதல் மூணு மாசத்துல நூறுல பத்து பதினஞ்சு எல்லா ஊர்லயும் போகுதும்மா. உலை இல்லாத ஊர்லயும்தான். பெரும்பாலும் கருவுலயே இருக்கிற கோளாறு. உங்களுக்கு எதனால போச்சுன்னு கேட்டா, சத்தியமா எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்க செஞ்சதாலயோ இருந்த இடத்தாலயோன்னு நினைக்கிறதுக்கு என்கிட்ட ஒரு காரணமும் இல்ல." தெரியாது என்று ஒருவர் இவ்வளவு நேராகச் சொன்னால் அது எத்தனை ஆறுதலாக இருக்கிறது! அப்பா கேட்டதும் இதைத்தானே, இத்தனை வருஷமாக, நெஞ்சளவு தண்ணீரில் நின்று. தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். "இப்பப் போகலாமா டாக்டர்?" "எங்க?" "பாத்ரூமுக்கு." "ஓடுங்க."

சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அதற்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது, குழாய் சொட்டும், சுவரில் இங்கே துப்பாதீர்கள் என்று எழுதியிருக்கும். உட்கார்ந்துகொண்டே சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒரே நேரத்தில். ஐந்து விரல். ஊஷ் ஊஷ். முகத்தைக் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தால் இருவரையும் காணோம். பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். வெளியே மண்ணை அள்ளி அடிக்கிற காற்று, அப்பாவின் வேட்டி கொடி மாதிரி பறக்கிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எங்கள் காரின் புழுதி படிந்த பானெட்டில் விரலால் படம் போடுகிறார். "இது கரை. இது எங்க தெரு. கடலு இப்படித்தான் வந்துச்சு, இந்த முக்குல திரும்புச்சு. ஒங்க இன்ஜினியருமாரு யாராச்சும் வந்து எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டானா, எது வரைக்கும் ஏறுச்சுன்னு?" இவர் குனிந்து அந்தப் புழுதிக் கோட்டையே பார்க்கிறார். "இந்த முக்கு வரைக்குமா? சரியாச் சொல்லுங்க மாமா." என்னைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். "நல்லா இருக்கு" என்றேன். "எல்லாம் இருக்கு. முதுகு, இதயம், விரல் எல்லாம்." அப்பா சிலுவை போட்டுக்கொண்டு கடல் இருக்கிற திசைக்குத் திரும்பி நின்றார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், எத்தனை பேர் பார்த்தாலும் விடுவதாக இல்லை. "நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு" என்றேன் மெதுவாக. "பேட்ஜ் விஷயம். நானும்தான் பயந்தேன். இனிமே பயந்தா எழுப்புங்க." அவர் தலையை ஆட்டினார், கையை இறுக்கினார்.

அப்பா மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி வந்தார், கண் சிவந்திருந்தது, அதைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே குரலை உயர்த்தினார். "ஏ மக்கா, நீதான படிச்சவ. இவரு ஒண்ணு சொல்லுதாரு, நான் ஒண்ணு சொல்லுதேன். நீ சொல்லு, எது சரி?" இவரும் என்னைப் பார்க்கிறார். யோசித்துப் பார்க்கிறேன், இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லத்தான் நான் இருந்தேன். "எனக்குக் காத்துதான்" என்றேன். "காத்தும் வெயிலும்தான் கடைசியில நிக்கும். புதுசா உலை வேண்டாம். அந்தக் காசுல கரண்ட சேத்து வைக்க வழி பண்ணட்டும், நான் ஆடி மாசம் காத்தாடிய நிறுத்தி வைக்காம இருப்பேன்." அப்பா இவரைப் பார்த்து, கேட்டீரா என்கிற மாதிரி தலையை ஆட்டினார். "இருங்க அப்பா, முடிக்கல. இருக்கிற உலைய நாளைக்கே மூடுன்னா கூடாது. மூடிட்டா கார்த்திகையில அந்த எடத்த நெலக்கரிப் புகைதான் நெரப்பும், அதுவும் இந்தப் பிள்ளை நெஞ்சுக்குள்ளதான் போகும். சேத்து வைக்க வழி வர வரைக்கும் அது ஓடட்டும். ஓடுத வரைக்கும் உள்ள என்ன நடக்குன்னு ஊருக்கு மாசா மாசம் வந்து சொல்லணும். கேக்கதுக்கு அப்பாவுக்கு உரிமை இருக்கு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்." இருவரும் ஒன்றாக, "அது எப்படி?" என்றார்கள். "அது வரைக்கும் ஓடட்டும்னா எது வரைக்கும், அது ஒரு பேச்சா மக்கா?" என்றார் அப்பா. "மாமா கேக்கது நியாயந்தான, நீ சொல்லுத பேட்டரி எல்லாம் எப்ப வரும், புது உலை வேண்டாம்னு சும்மா சொல்லிரலாமா?" என்றார் இவர். இரண்டு பேரும் ஒரு பக்கம் நின்று, எனக்கு எதிராக, முதல் தடவையாகக் கட்சி கட்டியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது. பசி, நாக்கில் எச்சில் ஊறுகிற பசி, எத்தனை நாளைக்குப் பிறகு. "சாவியக் குடுங்க, நான் ஓட்டுதேன்" என்றேன். "எனக்கு முதல்ல பரோட்டா வேணும், சால்னா நெறைய ஊத்தி." சாவி கைக்கு வந்தது. சண்டை நின்றுவிடக் கூடாதே என்று இருவரும் பின்சீட்டில் ஒன்றாக ஏறி, கதவை அடைக்கும் முன்பே, கடல் எந்த முக்கு வரைக்கும் ஏறியது என்பதில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.